மாத்திரைதானே, அதற்கு ஏன் வாய் வேகிறது?

கேள்வி, 6 ஜூன் 2024

அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருக்கிறது. மூன்று வாரம் முன்பு எவெரோலிமஸ் 10 மி.கி., கூடவே எக்ஸெமெஸ்டேன் 25 மி.கி. ஆரம்பித்தார்கள். இரண்டு நாளாக உதட்டின் உள்பக்கமும் நாக்கு ஓரத்திலும் நாலைந்து புண். மெடிக்கலில் கேட்டால் உடம்புச் சூடு, பி காம்ப்ளெக்ஸ் போடுங்கள் என்கிறார். கீமோ கிடையாது, புற்றுநோய் செல்லைக் குறிவைக்கிற டார்கெட்டட் மாத்திரை, பக்கவிளைவு குறைவு என்றுதான் சொன்னார்கள். மாத்திரைக்கு இப்படி வாய் வேகுமா? டாக்டரிடம் சொல்லலாம் என்றால் அம்மா வேண்டாம் என்கிறார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களாம்.

6 ஜூன் 2024, இரவு

தம்பி, வேகும். இந்த மாத்திரைக்கு வாய்ப்புண் வரும் என்று எதிர்பார்த்தே ஆரம்பித்திருக்க வேண்டும். நான் இதே இரண்டு மாத்திரைகளை 2023 ஜனவரியிலிருந்து சாப்பிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டாம் நாள் முதல் புண் வந்தது. நாளைக் காலையில் முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போன் போடுங்கள், அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காதீர்கள்.

அம்மா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். டமாக்ஸிஃபென் போட்டு, லெட்ரோசோல் போட்டு, அதுவும் பலிக்காமல் இதற்கு வந்திருந்தேன். இதையும் நிறுத்திவிட்டால் அடுத்து என்ன மிச்சம் இருக்கிறது என்ற பயத்தில் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து மோரை மட்டும் குடித்துவிட்டு வருவேன். கடைசியில் எச்சில்கூட விழுங்க முடியாமல் போனபோதுதான் போனேன், அதற்குள் நாலு கிலோ இறங்கியிருந்தது. இரண்டு புண்ணோடு வந்திருந்தால் நாலு நாள் நிறுத்திவிட்டு அதே 10 மில்லிகிராமையே திரும்பக் கொடுத்திருப்பேன் என்றார் டாக்டர். நான் போன நிலையில் இரண்டு வாரம் நிறுத்தி, பிறகு 5 மில்லிகிராமில்தான் ஆரம்பிக்க முடிந்தது.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். சொல்வதால் மருந்து போவதில்லை, சொல்லாமல் விட்டால்தான் போகும்.

இப்போதைக்கு வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். புண்ணின் மேல் கொஞ்சம் தேன் தடவலாம்.

7 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். தேன் வேண்டாம். எவெரோலிமஸ் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் மருந்து. எனக்குச் சர்க்கரை இருந்ததே இல்லை, மூன்றாம் மாதம் வெறும் வயிற்றில் 148 வந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தேன் தடவினால் அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகும். அம்மாவின் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

கொப்பளிக்கச் சொன்னேன், எதால் என்று சொல்லவில்லை. அதுவும் முக்கியம். நம் வீடுகளில் தொண்டை கரகரத்தாலே எடுக்கிற அந்தப் பழுப்பு நிற அயோடின் மருந்து இருக்கிறதே, அதை எடுக்கவே கூடாது. அயோடின், ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஓமத்து வாசனை வரும் தைம் சேர்ந்த மவுத்வாஷ், இந்த நாலும் இந்தப் புண்ணை மோசமாக்கும் என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. நான் அந்த அயோடின் மருந்தை நாலு நாள் கொப்பளித்தேன். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. சாப்பிட்டதும் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை, இடையில் முடிந்தபோதெல்லாம். அவ்வளவுதான்.

7 ஜூன் 2024, சாயங்காலம்

"சூடு" பற்றி. மெடிக்கல்காரரைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் மாமியார் அதைத்தான் சொன்னார். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு மூன்று நாள் செய்து கொடுத்தார். கீரை இதமாக இருந்தது, இப்போதும் வாரம் ஒரு நாள் செய்கிறேன். ஆனால் புண் ஆறவில்லை, ஏனென்றால் அது வேறு இடத்திலிருந்து வருகிறது.

எனக்குப் பல் டாக்டர் ஒருவர் விளக்கியது இது. எம்டார் என்பது செல்லுக்குள் இருக்கிற ஒரு சுவிட்ச், வளர் வளர் என்று சொல்கிற சுவிட்ச். புற்றுநோய் செல்லில் அதை அணைப்பதற்காகத்தான் எவெரோலிமஸ். வாயின் உள்தோலுக்கும் அதே சுவிட்ச்தான். அந்தத் தோல் ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியது. சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்கிறோம், முறுக்கு கீறுகிறது, பிரஷ் இடிக்கிறது, நமக்குத் தெரியாமலே மறுநாள் மூடிக்கொள்ளும். இந்த மருந்து உள்ளே இருக்கும்போது அது மூடாது.

கீமோ புண் வாய் முழுக்கச் சிவந்து உரியும். என் அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. இது தனித்தனியாக, முட்டை வடிவில், நடுவே சாம்பல் வெள்ளை, சுற்றிச் சிவப்பு வளையம். உதட்டின் உள்ளே, நாக்கு ஓரம், நாக்கின் அடி, அசைகிற இடங்களில்தான் வரும். பார்ப்பதற்கு மிளகு அளவுதான், ஆனால் வலி அந்த அளவில் நிற்காது. மேலே இருந்து பார்க்கிறவர் "இவ்வளவுதானே" என்று சொல்லிவிடுவார். அதனால் போனில் படம் எடுத்து வையுங்கள், உதட்டை மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில், தேதியோடு.

10 ஜூன் 2024

போன் செய்து சொல்லிவிட்டீர்கள், ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. அம்மா அழுதார் என்கிறீர்கள், நானும் அழுதேன். ஒரு வாரம் நிறுத்தினால் நோய் ஓடிவந்து பிடித்துக்கொள்ளும் என்றுதான் தோன்றும். சாப்பிட முடிகிற அளவுக்கு வாய் தேறும் வரை நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பது இந்த மருந்தின் வழக்கமான முறையே. எவ்வளவு முற்றியது என்பதை வைத்து அதே அளவிலோ பாதியிலோ தொடங்குவார்கள். பாதி அளவு என்பது தோல்வி இல்லை. நான் 5 மில்லிகிராமில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன்.

திரும்ப ஆரம்பிக்கும் அன்றே ஸ்டீராய்டு கொப்பளிப்பைப் பற்றிக் கேளுங்கள். இதற்காகத்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

ஸ்விஷ் என்று ஒரு ஆய்வு 2017இல் வந்தது. அமெரிக்காவில், இதே இரண்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள், 92 பேர். புண் வரும்முன்பே, முதல் நாளிலிருந்தே, ஆல்கஹால் இல்லாத டெக்சாமெத்தசோன் கரைசல் 10 மில்லி, இரண்டு நிமிடம் வாயில் சுழற்றித் துப்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை, எட்டு வாரம். துப்பியபின் ஒரு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. எட்டு வாரம் ஏன் என்றால், இந்தப் புண் பெரும்பாலும் அந்த முதல் எட்டு வாரத்துக்குள்தான் தலைகாட்டும். வாய்ப்புண் வந்தவர்கள் இரண்டு சதவீதம் சொச்சம்தான்.

எனக்கு இதை யாரும் முதல் நாள் சொல்லவில்லை. வாய் முழுக்கப் புண்ணான பிறகுதான் சொன்னார்கள். அதைப் பற்றிக் கோபம் இன்னும் இருக்கிறது. விலை உயர்ந்த மாத்திரையை எழுதிய அதே சீட்டில் மலிவான கொப்பளிப்பையும் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த இரண்டு வாரமும் நாலு கிலோவும் போயிருக்காது.

இங்கே அந்தக் கரைசல் பாட்டிலாக எனக்குக் கிடைக்கவில்லை. தண்ணீரில் கரையும் பீட்டாமெத்தசோன் அரை மில்லிகிராம் மாத்திரையை இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கச் சொன்னார் என் டாக்டர். இதைப் படித்துவிட்டு நீங்களாக வாங்கிக் கரைக்காதீர்கள், ஸ்டீராய்டு அது. அவர்கள் எழுதித் தரட்டும்.

11 ஜூன் 2024

நேற்று ஆய்வைச் சொன்ன விதம் சரியில்லை. இரண்டு சதவீதம் சொச்சம் என்பது வாய்ப்புண் வந்தவர்களின் மொத்தக் கணக்கு இல்லை, கிரேடு 2ஓ அதற்கு மேலோ போனவர்கள், அதாவது சாப்பாட்டை மாற்ற வேண்டி வந்தவர்கள். கணக்கில் எடுத்துக்கொண்ட 85 பேரில் 2 பேர். லேசான புண்ணையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவருக்கு வந்திருக்கிறது. கொப்பளிப்பு இல்லாமல் நடந்த முந்தைய பெரிய ஆய்வில் கிரேடு 2ஓ அதற்கு மேலோ போனவர்கள் 33 சதவீதம், அதோடுதான் ஒப்பிட்டார்கள், ஒரே ஆய்வுக்குள் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இருந்தாலும் 33 எங்கே, 2 எங்கே.

கொப்பளித்தும் ஒரு புண் வந்தால் அம்மா மனசு உடைந்துவிடக் கூடாது, அதற்காகவே இந்தத் திருத்தம்.

15 ஜூன் 2024

ஐஸ் கட்டி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார், அவர் மனைவிக்குக் கீமோவின்போது நர்ஸ் ஐஸ் கொடுத்தாராம். அங்கே அது நன்றாகவே வேலை செய்யும். 5 எஃப்யூ போன்ற மருந்தை ஊசியில் வேகமாக ஏற்றும்போது அரை மணி நேரம் வாயில் ஐஸ் இருந்தால் இரத்த ஓட்டம் சுருங்கி, மருந்து வாய்க்குக் குறைவாகப் போகும், அதற்குள் மருந்தும் உடம்பில் குறைந்துவிடும். எவெரோலிமஸ் அப்படி இல்லை. ஒரு மாத்திரை பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும், அதற்குள் அடுத்த மாத்திரை வந்துவிடும். நாள் முழுக்க ஐஸ் வைக்க முடியுமா? வலி மரத்துப்போகச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கட்டி வைத்துக்கொள்ளலாம், நான் வைத்துக்கொள்வேன். தடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

16 ஜூன் 2024

சாப்பாடு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

எனக்கு எரிந்தவை: மிளகாய் சொல்லவே வேண்டாம், புளி, தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய். குத்தியவை: அப்பளம், முறுக்கு, முறுகலான தோசை, பொட்டுக்கடலை. சூடான காபி. காபியை ஆற வைத்துக் குடிப்பதா என்று முதலில் பிடிக்கவே இல்லை, இப்போது சூடாகக் கொடுத்தால் வேண்டாம் என்கிறேன்.

இறங்கியவை: குழைய வடித்த பச்சரிசிச் சாதத்தில் பாசிப்பருப்பும் நெய்யும், இட்லியைப் பாலில் ஊறவைத்து, வெள்ளைப்பூசணிக் கூட்டு மிளகாய் இல்லாமல், கேழ்வரகுக் கூழ் மோர் விட்டு, நன்றாக வெந்த முட்டையை மசித்துத் தயிரில், இளநீர். எடை இறங்காமல் பிடித்தது முட்டையும் பருப்பும்தான், கஞ்சி மட்டும் குடித்தால் உடம்பு கரைந்துவிடும்.

கிரேப்ஃப்ரூட் கூடாது என்று தாளில் இருக்கும், நம் ஊரில் யார் சாப்பிடுகிறார்கள் என்று விட்டுவிடுவோம். பம்ளிமாஸ் அதன் சொந்தக்காரன். எங்கள் பக்கம் தோட்டத்தில் காய்க்கிறது, நான் தொடுவதில்லை. இந்தப் பழங்களில் இருக்கிற ஒன்று, மருந்தை உடைக்கிற என்சைமைத் தடுத்துவிடும், அப்போது 5 மில்லிகிராம் சாப்பிட்டாலும் உடம்பில் அதைவிட அதிகமாக நிற்கும். வாய்க்கு அது நல்லதில்லை.

பற்பசையையும் மாற்றுங்கள். நுரை வருவதற்காகச் சேர்க்கிற சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாததாக. பேத்தியின் ஸ்ட்ராபெரி பற்பசையில் அது இல்லை, ஒன்றரை வருடமாக இருவருக்கும் ஒரே ட்யூப்தான், தீர்ந்துபோனால் அவள்தான் எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.

17 ஜூன் 2024

விழுங்க முடியவில்லை என்றால் மாத்திரையை உடைத்துத் தூளாக்கித் தயிரில் கலக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். முழுசாகத்தான் விழுங்க வேண்டும். முழுசாக விழுங்க முடியாத அளவுக்குப் புண் இருந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டிய நிலை அது.

29 ஜூன் 2024

அம்மாவுக்கு மறுபடி 10 மில்லிகிராமே ஆரம்பித்துவிட்டார்கள், கொப்பளிப்பும் எழுதித் தந்தார்கள், ஆனால் இப்போது நாக்கில் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது என்கிறீர்கள். துணியால் மெதுவாகத் துடைத்தால் வந்துவிட்டு அடியில் சிவந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஸ்டீராய்டு கொப்பளிப்பில் சிலருக்கு வரும், எனக்கும் ஒரு முறை வந்தது. பயப்பட வேண்டாம், ஆனால் இங்கேதான் கவனம். பூஞ்சைக்கு என்று மெடிக்கலில் கேட்டால் ஃப்ளூகோனசோல் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த வகை மாத்திரைகளும் பம்ளிமாஸ் செய்கிற வேலையையே, இன்னும் பலமாகச் செய்யும். கீட்டோகோனசோலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது எவெரோலிமஸ் உடம்பில் 15 மடங்கு ஏறியது. பூஞ்சைதானா என்று டாக்டர் பார்த்து, வாயில் மட்டும் வேலை செய்கிற மருந்தை அவரே தரட்டும். எனக்கு நிஸ்டாட்டின் சொட்டு கொடுத்தார், ஐந்து நாளில் போய்விட்டது.

பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

8 ஜூலை 2024

புற்றுநோய்க்கு வேறு டார்கெட்டட் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வந்து கேட்கிறீர்கள், எனக்குத் தெரிந்த மட்டும்.

இமாடினிப் சாப்பிடுகிறவருக்கு மேல் அண்ணத்தில் நீலமும் சாம்பலுமாகப் பெரிய திட்டு: அந்த மருந்துக்கு அப்படி நிறம் வருவது உண்டு, வலி இருக்காது, பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் வாயில் புதிதாக வந்த கருமையை ஒரு முறை டாக்டர் கண்ணால் பார்த்துவிட வேண்டும், "மருந்துதான்" என்று வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம்.

சுனிடினிப் சாப்பிடுகிற ஐயா, வாயில் ஒரு புண்ணும் தெரியவில்லை, ஆனால் பச்சைத் தண்ணீர்கூட எரிகிறது, யாரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தார். ஐயா, நான் நம்புகிறேன். அந்த மருந்து அப்படித்தான் செய்யும், பார்வைக்கு வாய் சுத்தமாக இருக்கும், ருசியும் மாறிவிடும். எரிச்சலுக்கு என்று தனியாகக் கேளுங்கள், "புண் இல்லையே" என்று திருப்பி அனுப்பினால் மறுபடி கேளுங்கள்.

அஃபாட்டினிப் சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கும் தோலில் பருவும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வாய்ப்புண்ணும் அதில் மிகச் சாதாரணம்.

21 ஜூலை 2024

பல்லைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தம்பி, அம்மாவுக்கு எலும்புக்குப் பரவியிருக்கிறது என்றீர்கள். அப்படியானால் எலும்புக்கு ஊசி போடுகிறார்களா? ஜோலெட்ரானிக் ஆசிட், அல்லது டெனோசுமாப்?

போடுகிறார்கள் என்றால், யாரும் பல்லைப் பிடுங்க விடாதீர்கள், கேன்சர் டாக்டரைக் கேட்காமல்.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் கூர் நாக்கைக் குத்தி அதே இடத்தில் புண் திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் பல் டாக்டர் எடுத்துவிடலாம் என்று மரப்பு ஊசி வரை எடுத்துவிட்டார். அவர் கேட்கவும் இல்லை, எவெரோலிமஸ் பற்றிச் சொன்ன நான் ஜோலெட்ரானிக் பற்றிச் சொல்லவும் இல்லை, எலும்புக்குப் போடுகிற ஊசிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். வீட்டுக்காரர்தான் பக்கத்திலிருந்து, மாதம் ஒரு ஊசி போடுகிறார்களே என்றார். டாக்டர் அப்படியே கையை எடுத்துவிட்டார். தாடை எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்கிற வேகத்தை அந்த ஊசி குறைத்துவிடும், பல் எடுத்த குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்தபடி நின்றுவிடலாம், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். முதன்முதலாக 2003இல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நாலு நாள் ஊசியை நிறுத்தினாலும் பயன் இல்லை, ஜோலெட்ரானிக் எலும்புக்குள் வருடக்கணக்கில் தங்கும். எனக்குப் பல்லை எடுக்காமல் வேர் சிகிச்சை செய்து, கூரைத் தேய்த்துவிட்டார்கள். புண் அதற்கப்புறம் அந்த இடத்தில் வரவில்லை.

இந்த ஊசியோ மாத்திரையோ இன்னும் ஆரம்பிக்காதவர்கள் யாராவது இதைப் படித்தால், பல் டாக்டரிடம் போய்விட்டு வந்து ஆரம்பியுங்கள்.

4 ஆகஸ்ட் 2024

ஆடிக் கூழ் வீட்டிலேயே காய்ச்சினேன், சின்ன வெங்காயம் இல்லாமல், ஆற வைத்து. நன்றாக இறங்கியது.

இன்று ஒரு விஷயம் படித்தேன். இந்த மருந்தின் மூலப்பொருள் ராபமைசின், ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்ததாம், 1964இல் கனடாக்காரர்கள் போய் அள்ளிவந்த மண். அந்தத் தீவுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் ராபா நூயி, அதிலிருந்து ராபமைசின். மண்ணிலிருந்த நுண்ணுயிரி சுரந்ததைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திர நாத் சேகல், பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்தவர். கம்பெனி அந்த வேலையைக் கைவிட்டபோது அந்த நுண்ணுயிரியை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். முதலில் பூஞ்சைக்கு மருந்தாகத்தான் நினைத்தார்களாம். பிறகு மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு, அதற்குப் பிறகுதான் அதன் வழிவந்த இது நமக்கு. காலையில் மாத்திரையை உறையிலிருந்து எடுக்கும்போது அந்த ஃப்ரீசரை நினைத்துக்கொண்டேன்.

12 ஆகஸ்ட் 2024

அம்மா நேற்று ரசம் சாதம் சாப்பிட்டார், மிளகு குறைவாகப் போட்டு, என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. இரண்டு தடவை படித்தேன்.

நாக்கு ஓரத்தில் ஒன்று மட்டும் வந்து வந்து போகிறது என்கிறீர்களே, அந்தப் பக்கத்துப் பல்லை விரலால் தடவிப் பாருங்கள், கூர் இருக்கிறதா என்று. அப்புறம் நான் கேட்ட ஊசி விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எட்டு வாரம் முடிகிறது, கொப்பளிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்பதையும் இந்த ரிவ்யூவில் கேளுங்கள், எனக்கு இன்னொரு எட்டு வாரம் நீட்டினார்கள். இன்னொன்று, அம்மாவுக்கு வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ வந்தால் அது வாய்ப்புண்போல் ஒரு நாள் பொறுக்கிற விஷயம் இல்லை, இந்த மருந்து நுரையீரலையும் தொடும், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

போனில் எடுத்த படங்களை அழித்துவிடாதீர்கள். ஜூன் படத்தையும் நேற்றுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவிடமும் ஒரு தடவை காட்டுங்கள்.